விழுகிற பல்தானே என்று விட்டுவிடலாமா? நாலரை வயதுப் பையனின் சொத்தைப் பற்கள்

தையல்_காசிமேடு (ஞாயிறு, இரவு 11.50)

எல்லோருக்கும் வணக்கம். பையன் அழுது அழுது இப்போதுதான் தூங்கினான். எழுந்துகொள்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

அவனுக்கு வயது நாலரை. மேல் வரிசை முன்பற்கள் நாலும் பாதிக்கு மேல் கரைந்து, பழுப்பாக, கட்டை கட்டையாக நிற்கின்றன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறான். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இப்போது கீழே இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் பெரிய குழி. அதை ஒட்டி ஈறில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு கொப்புளம். அமுக்கினால் மஞ்சளாக வருகிறது. மூன்று ராத்திரியாக வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பகலில் நன்றாக விளையாடுகிறான், படுத்தால் வலி வந்துவிடுகிறது. சோற்றை வலது பக்கமே ஒதுக்கி ஒதுக்கி மெல்கிறான். ஒரு இட்லி தின்ன முக்கால் மணி நேரம்.

என் மாமியார், "அரிசிப் பல்லுடி, ஆறு வயசுல தானா விழுந்து புதுசா முளைக்கும், இதுக்குப் போய் காசைக் கொட்டுவியா" என்கிறார். கிராம்பை நசுக்கி வைக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, மார்க்கெட் அருகே ஒருவர் புகை போட்டுப் பல் பூச்சியை எடுத்துவிடுவார், கூட்டிப் போகலாம் என்கிறார். ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். ஆறு பல்லுக்கு வைத்தியம் பார்க்கணும், மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யணும், 32,000 ரூபாய் ஆகும் என்றார்கள். லைனிங் வைத்த ஜாக்கெட் ஒன்றுக்கு நான் 250 ரூபாய் வாங்குகிறேன். அப்படியென்றால் 128 ஜாக்கெட். வீட்டுக்காரர் லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது, ஜூன் 14 வரை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ரூபாய் வராது.

என் குழப்பம் இதுதான். பெரியவளுக்கு ஒன்பது வயது. ஒரு பல்லில்கூடச் சொத்தை இல்லை. அதே வீடு, அதே பேஸ்ட். இவனுக்கு மட்டும் ஏன்? கால்சியம் குறைவாக இருக்குமோ என்று பார்த்தால் பால் நன்றாகக் குடிக்கிற பிள்ளை. இன்றைக்கும் ராத்திரி புட்டியில் பால் குடித்துக்கொண்டேதான் தூங்குவான். இவன் பிறந்த பிறகுதான் நான் ராத்திரி தைக்க ஆரம்பித்தேன், அதனால் புட்டியைக் கையில் கொடுத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிடுவேன்.

விழப்போகிற பல்லுக்கு வைத்தியம் உண்மையிலேயே வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_அப்பா (திங்கள், காலை 6.15)

தங்கச்சி, வேண்டும். நான் விட்டு அனுபவித்தவன், அதனால் சொல்கிறேன்.

என் பெண்ணுக்கு ஐந்து வயதில் மேல் கடைவாயில் இதே மாதிரி கொப்புளம் வந்தது. மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அடங்கியது. திரும்ப வந்தது. திரும்ப மாத்திரை, திரும்ப அடங்கியது. சரியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் எழுந்தவளைப் பார்த்தால் கன்னம் வீங்கி, அந்தப் பக்கக் கண் பாதி மூடியிருந்தது. உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் கையில் டிரிப்ஸ். பல்லை எடுத்த பிறகுதான் வீக்கம் வடிந்தது. மாத்திரை கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும், பல்லுக்குள் இருக்கிற சீழ் அங்கேயேதான் இருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிய வைத்தார்கள்.

அவளுக்கு இப்போது பன்னிரண்டு. அந்த இடத்தில் வர வேண்டிய நிரந்தரப் பல் இடம் கிடைக்காமல் அண்ணப் பக்கமாக முளைத்திருக்கிறது. கம்பி போட வேண்டும் என்கிறார்கள். அரிசிப் பல் விழுந்துவிடும் என்று எங்கள் வீட்டிலும்தான் சொன்னார்கள்.

பல்டாக்டர்_தண்டையார்பேட்டை (திங்கள், பிற்பகல் 2.20)

காசிமேட்டு அம்மா, நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். பத்தொன்பது வருடமாக இந்தப் பக்கத்துக் குழந்தைகளின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அவசரமானது. கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால், விழுங்கக் கஷ்டப்பட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வீக்கம் இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் பல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். கொப்புளத்தை அமுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். கன்னத்தில் சூடான ஒத்தடம் வேண்டாம். கிராம்பு பெரியவர்களுக்குச் சற்று மரத்துப்போகச் செய்யும், குழந்தையின் ஈறில் வைத்தால் வெந்துவிடும். வலிக்கு, அவன் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் சிரப் போதும். புகை போடுகிறவரிடம் மட்டும் போகாதீர்கள். பல்லுக்குள் பூச்சி இல்லை, புழுவும் இல்லை. என் ஆயா கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தவர். நாற்பது வயதில் அவர் வாயில் ஆறு பல் மிச்சம்.

அடுத்தது, இவனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஒரு காரியம் செய்யுங்கள். அவனை ஜன்னல் வெளிச்சத்தில் மடியில் படுக்க வைத்து, கீழ் உதட்டைக் கீழே இழுத்துப் பாருங்கள். கீழ் முன்பற்கள் நாலும் வெள்ளையாக, முழுசாக இருக்கும் என்று பார்க்காமலே சொல்கிறேன். மேல் நாலும் கரைந்து, கீழ் நாலும் தப்பித்திருந்தால் அது புட்டிப் பாலின் கையெழுத்து. புட்டியைச் சப்பும்போது நாக்கு முன்னால் வந்து கீழ்ப் பற்களை மூடிக்கொள்ளும். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பி வேறு இருக்கிறது, கீழ்ப் பற்கள் அந்த எச்சிலில் நனைந்தபடியே இருக்கும். மேல் பற்களுக்குப் பின்னால் பால் தேங்கி நிற்கும். தூங்கியதும் எச்சில் சுரப்பது ரொம்பக் குறைந்துவிடும். கழுவ ஆளில்லாமல் பாலும் சர்க்கரையும் விடிய விடிய அங்கேயே நிற்கும். பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவீர்கள் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் போடாத வீடு குறைவு.

சொத்தை நடக்கிற விதம் இதுதான். வாயில் எப்போதும் கிருமிகள் உண்டு. சர்க்கரை கிடைத்தால் அவை அதைத் தின்று அமிலத்தை விடும். பல்லின் மேலோடு நம் உடம்பிலேயே கெட்டியான பொருள், ஆனால் அமிலம் ஏறி பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் (பிஎச் குறையக் குறைய அமிலம் அதிகம்) அதிலிருக்கிற கால்சியம் கரைய ஆரம்பிக்கும். எச்சில் வந்து அமிலத்தை அலசி, கரைந்ததைத் திரும்ப ஒட்ட வைக்கும். இதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்தால் எச்சிலுக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. அதனால் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதைத்தான் நான் எண்ணச் சொல்வேன். காலை டீயில் தொட்ட பிஸ்கட், பத்து மணிக்கு ஆயா வாங்கித் தந்த தேன் மிட்டாய், மதியம் குச்சி ஐஸ், நாலு மணிக்கு பன், இடையில் சளிக்கு ஒரு மூடி சிரப் (அதிலும் சர்க்கரைதான்), ராத்திரி புட்டி. நாளைக்கு ஒரு நாள் மட்டும் எண்ணி எழுதி வையுங்கள்.

இது தெரிய வந்த கதை கொடூரமானது. 1940களின் பிற்பகுதியில், சுவீடனில் விபெஹோல்ம் என்ற காப்பகத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டுகிற டாஃபியைச் சாப்பாட்டுக்கு நடுவே நடுவே கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்குப் பற்கள் பாழாயின. சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை சாப்பிட்டவர்களுக்கு அவ்வளவு கெடுதல் வரவில்லை. கேட்கத் தெரியாதவர்களின் வாயைக் கெடுத்துக் கிடைத்த அறிவு அது. அதையும் மக்களிடம் கொண்டு சேர்க்காமல் வைத்திருக்கிறோமே என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

இதில் உங்கள் தப்பு என்று ஒன்றும் இல்லை. பெரியவளைத் தூங்க வைக்க உங்களுக்கு நேரம் இருந்தது. இவனுக்கு நீங்கள் மெஷினில் உட்கார வேண்டியிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான். தடுப்பூசி போட எத்தனை முறை போயிருப்பீர்கள்? ஒரு முறையாவது மேல் உதட்டைத் தூக்கி யாராவது பார்த்தார்களா? ஈறு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரு வெள்ளை வரி முதலில் தெரியும். குழி விழும் முன்னால் வருகிற அடையாளம் அது. அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடு பேஸ்டும் புட்டியை நிறுத்துவதும் போதும், பல் திரும்பத் தேறிவிடும். ஒரு வயதிலேயே காட்டச் சொல்வது அதற்காகத்தான்.

இனி விழுகிற பல்லைப் பற்றி. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. ஆறு வயதில் அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எதையும் தள்ளாமல் வருவதால் பல வீடுகளில் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள், ஆனால் அது ஆயுசுக்கும் இருக்கிற பல். முன்னால் இருக்கிற பால் பல்லை எடுத்துவிட்டால் அது சாய்ந்து நகர்ந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரம்பூர் அண்ணன் மகளுக்கு நடந்தது அதுதான். இது தவிர நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம், மூன்று ராத்திரி தூக்கமில்லை. வளர்கிற பிள்ளைக்கு இது சின்ன விஷயமா?

எங்கே போவது? கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராயபுரத்தில் ஏறி பீச்சில் இறங்கி மாறினால் அடுத்த ஸ்டேஷன். 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது, நானும் அங்கே படித்தவள்தான். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. காலையில் சீக்கிரம் போங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வேர் நன்றாக இருந்தால் கடைவாய்ப் பல்லைச் சுத்தம் செய்து மருந்து வைத்து ஸ்டீல் கேப் போடுவார்கள். காப்பாற்ற முடியாத நிலை என்றால் எடுத்துவிட்டு, அந்த இடம் மூடிக்கொள்ளாமல் இருக்கச் சின்ன வளையம் வைப்பார்கள். முன்பற்களுக்கு சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்று ஒரு மருந்து இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். துளைப்பது இல்லை, ஊசி இல்லை. பல்லைத் துடைத்து, ஒரு நிமிடம் தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். மயக்க மருந்து தேவையா இல்லையா என்பதைப் பையனை நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும்.

தையல்_காசிமேடு (திங்கள், இரவு 10.05)

டாக்டரம்மா, கீழ்ப் பற்களைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே நாலும் பளிச்சென்று இருக்கின்றன. கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. கால்சியத்துக்கு என்று நினைத்துக் கொடுத்த பால்.

எண்ணியும் பார்த்தேன். இன்றைக்கு மட்டும் ஒன்பது தடவை. அதில் மூன்று எனக்கே தெரியாமல் மாமியார் வாங்கிக் கொடுத்தவை.

இன்னும் இரண்டு கேள்வி. நீங்கள் சொன்ன மருந்தைத் தடவினால் பல் கறுப்பாகிவிடும் என்று என் நாத்தனார் சொல்கிறாள், நிஜமா? ஜூனில் பள்ளிக்கூடம். இரண்டாவது, ஃப்ளோரைடு விஷம், குழந்தைகளுக்கு ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்தான் நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நான் பழ வாசனை வருகிற குழந்தைகள் பேஸ்ட் வாங்குகிறேன். அதில் ஃப்ளோரைடு என்று எங்கும் போடவில்லை.

பல்டாக்டர்_தண்டையார்பேட்டை (செவ்வாய், காலை 7.30)

கறுப்பாகும். மறைக்க மாட்டேன். சொத்தையான இடம் மட்டும் கன்னங்கறேலென்று ஆகும், அந்தப் பல் விழும்வரை அப்படியேதான் இருக்கும். நல்ல பல் கறுக்காது. உதட்டிலோ தோலிலோ பட்டால் கறை சில நாளில் போய்விடும். ஏற்கெனவே பழுப்பாக இருக்கிற பல் கறுப்பாவதற்குப் பதிலாக சொத்தை பெரும்பாலும் நிற்கிறது, வலி வராமல் தடுக்க உதவும். ஒரு தடவையோடு விட்டுவிடாமல் சில மாதங்களில் மறுபடி தடவ வேண்டியிருக்கும். சீழ் வைத்த பல்லுக்கு இது ஆகாது, அதனால்தான் கடைவாய்ப் பல்லுக்கு வேறு வைத்தியம் சொன்னேன். கறுப்பு வேண்டாம் என்றால் வேறு வழிகளும் உண்டு, செலவும் நேரமும் கூடும். நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஃப்ளோரைடு பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். அங்கே அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் மஞ்சள் பழுப்புக் கறை விழும், பல வருடம் போனால் எலும்பும் பாதிக்கப்படும். அது நிஜமான கஷ்டம். ஆனால் நம் வீடுகளில் கேன் தண்ணீர், இல்லையென்றால் ஆர்ஓ. இரண்டிலும் ஃப்ளோரைடு பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். நமக்குக் கிடைக்கிற ஒரே வழி பேஸ்ட்தான். டியூபின் பின்பக்கம் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று இருக்கிறதா பாருங்கள். நம் நாட்டில் அதற்கு மேல் போட அனுமதி இல்லை. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நெளிநெளியாகப் பிழிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் மருந்து போய்விடும். ஏழெட்டு வயதுவரை நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும். சட்டைப் பொத்தானைத் தானே போடத் தெரிந்தாலும் பல் தேய்க்கிற நுணுக்கம் அந்தக் கைக்கு இன்னும் வராது. அவன் தலையை உங்கள் மடியில் வைத்து, பின்னாலிருந்து தேய்த்துவிடுங்கள். ராத்திரி தேய்ப்பதுதான் முக்கியம். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று மாமியார் சொன்னால் எதிர்த்துப் பேச வேண்டாம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லைத் துலக்கும், அவற்றில் பேஸ்ட்டில் இருக்கிற மாதிரி ஃப்ளோரைடு கிடையாது, அவ்வளவுதான்.

புட்டியை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். அப்புறம் மூன்று நாளைக்கு ஒருமுறை பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீர்ப் புட்டி. அதை அவனே தூக்கிப் போட்டுவிடுவான். பாலைத் தம்ளரில், சாப்பாட்டோடு கொடுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும், எல்லோரும் படிக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகத்தில் 51 கோடியே 40 லட்சம் குழந்தைகளுக்குப் பால் பல்லில் சொத்தை இருக்கிறது. வாய் நோய் உள்ளவர்கள் மொத்தம் 350 கோடி, அவர்களில் நாலில் மூன்று பேர் நம்முடையது மாதிரி நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். அதே நிறுவனம் 2021இல் ஃப்ளோரைடு பேஸ்ட்டையும், நான் மேலே சொன்ன கறுப்பு மருந்தையும், பல் அடைக்கிற கிளாஸ் அயனோமர் சிமெண்ட்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பாராசிட்டமால் இருக்கிற பட்டியல். ஆனால் காய்ச்சல் மாத்திரை கிடைக்கிற மாதிரி பேஸ்ட்டை யார் கையில் கொடுக்கிறார்கள்? ரேஷனில் சர்க்கரை தருகிறோம். அதோடு மாதம் ஒரு சின்ன பேஸ்ட் டியூப் தந்தால் என்ன என்று நான் போகிற ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வருகிறேன். ஸ்காட்லாந்தில் ‘சைல்ட்ஸ்மைல்’ என்ற திட்டத்தில் நர்சரிப் பிள்ளைகள் எல்லோரும் தினமும் பள்ளியில் ஆசிரியர் முன்னால் பல் தேய்க்கிறார்கள். அங்கே பள்ளியில் சேர்கிற பிள்ளைகளில் வெளியே தெரிகிற சொத்தை இல்லாதவர்கள் 2003இல் நூற்றுக்கு 45 பேர். 2022இல் 73. ஒரு பிரஷ், ஒரு பட்டாணி அளவு பேஸ்ட், கூட நிற்க ஒரு பெரியவர். இதில் நம்மால் முடியாதது எது?

அங்கன்வாடி_அக்கா_வியாசர்பாடி (செவ்வாய், மாலை 5.40)

டாக்டர் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். முடியும். நான் செய்துகொண்டிருக்கிறேன்.

என் மையத்தில் 22 பிள்ளைகள். மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை வண்டியில் வந்து டார்ச் அடித்து எல்லாவற்றையும் பார்க்கும், பல்லையும் பார்க்கும். நான்கு வருடம் முன்னால் ஒரு முறை, சொத்தை இருக்கிற பிள்ளைகளைத் தனியாக நிற்கச் சொன்னபோது பதினாலு பேர் நின்றார்கள். அன்றைக்கு எனக்கு உறைத்தது. உயரம், எடை எல்லாம் ஒவ்வொரு மாதமும் எழுதுகிறேன், வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போதிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் பல் தேய்ப்பு. முட்டை அட்டையைக் கவிழ்த்து ஒவ்வொரு குமிழிலும் ஓட்டை போட்டு பிரஷ்களை நட்டு வைத்தேன். ஈரத்தில் இற்றுப் போனது. இப்போது ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனின் பக்கவாட்டை வெட்டி, சூடான கம்பியால் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பிரஷ் இன்னொன்றைத் தொடக் கூடாது, அதனால் மூன்று விரல் இடைவெளி. எழுத்து தெரியாத பிள்ளைகள், அதனால் ஒவ்வொரு பிரஷ் கழுத்திலும் ஒரு கலர் நூல். ஒரே கலர் இரண்டு பேருக்கு வந்தால் ஒன்றுக்கு ஒரு முடிச்சு, இன்னொன்றுக்கு இரண்டு முடிச்சு. இரண்டரை வயதுப் பிள்ளைகூடத் தன் நூலைச் சரியாக எடுத்துவிடும். பேஸ்ட் நான்தான் தொட்டு வைப்பேன். 150 கிராம் டியூப் ஒன்று ஏறக்குறைய ஒரு மாதம் வருகிறது. பெற்றோர் முறை வைத்து வாங்கித் தருகிறார்கள். சத்துமாவு உருண்டை கொடுத்தாலும் உடனே ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வைப்பேன், வெல்லம் ஒட்டிக்கொண்டு நிற்கும் இல்லையா.

முதல் வாரம் பாதிப் பேர் பேஸ்ட்டைத் தின்றார்கள், மூன்று பேர் அழுதார்கள், ஒருவன் பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்தான். இரண்டாவது மாதம் நான் மறந்தாலும் அவர்கள் வரிசையில் நின்றார்கள். போன தடவை டார்ச் அடித்தபோது நின்றவர்கள் ஆறு பேர். புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளும் அதில் உண்டு.

காசிமேட்டு தங்கச்சி, மாமியாரோடு சண்டை போடாதே. அவரையே கூட்டிப் போய் டாக்டர் முன்னால் உட்கார வை. மிட்டாய் வாங்கித் தருகிறது பாசம். அந்தப் பாசத்துக்கு வேறு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் போதும்.

தையல்_காசிமேடு (பதினெட்டு நாள் கழித்து, சனி, இரவு 9.30)

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

மறுநாளே கோட்டைக்குப் போனோம். நான், அவர், மாமியார், பையன், நாலு பேரும். எக்ஸ்ரேவில் வேர் நன்றாக இருந்தது, காப்பாற்றலாம் என்றார்கள். மயக்க மருந்து தேவைப்படவில்லை. இளம் டாக்டர் பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயதிருக்கும், அவனிடம் கண்ணாடியைக் கொடுத்து, "எத்தனை பல் இருக்குன்னு நீயே எண்ணு" என்றாள். எட்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல் திரும்பத் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். அதற்குள் அவள் பாதி வேலையை முடித்துவிட்டாள். ஊசி போடும்போது மட்டும் அவன் கால் அவருடைய மடியில் உதைத்தது. முதல் நாள் சுத்தம் செய்து மருந்து வைத்தார்கள். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தவன் காலை ஏழு மணிக்குத்தான் எழுந்தான். மூச்சு வருகிறதா என்று நான் இரண்டு முறை கை வைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது தடவை மருந்து அடைத்தார்கள், மூன்றாவது தடவை ஸ்டீல் கேப். முன்பற்களுக்குக் கறுப்பு மருந்துதான் போட்டோம். கறுப்புதான், மை பூசின மாதிரி. முதல் நாள் பார்த்து அழுதேன். இப்போது பழகிவிட்டது. வாயை மூடுவது இன்னும் நிற்கவில்லை, ஆனால் கேப் போட்ட பல்லைக் காட்டுவதற்காகத் தானே திறக்கிறான்.

புட்டி பன்னிரண்டாவது நாள் போய்விட்டது. "இது தண்ணி" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாள்வரை ராத்திரி ரொம்ப அழுதான், அந்த நாலு நாளும் நான் மெஷினைத் தொடவில்லை. ஆறு ஜாக்கெட் தாமதம், ஒருவர் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவளும் கூட வந்த ஒரு தடவை, மாமியாருக்கு அந்த டாக்டர் பெண் கண்ணாடி வைத்து அவள் வாயையும் காட்டினாள். ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப் பல்லில் ஆழமான வரி இருக்கிறதாம், சொத்தை வருவதற்கு முன்னால் அதை அடைத்துவிடலாமாம். அதற்கு வருகிற செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமியார்தான் கூட்டிப் போகப் போகிறார். இப்போது ராத்திரி சாப்பிட்டதும் பையன் தலையை மடியில் வைத்துத் தேய்த்துவிடுவதும் அவர்தான். என்னைத் தொட விடுவதில்லை. மிட்டாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் சோறு தின்ற கையோடு.

அங்கன்வாடி அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த எண்ணெய்க் கேனில் ஓட்டை எந்த அளவுக்குப் போட வேண்டும்? கம்பி எவ்வளவு தடிமன்? எங்கள் சந்தில் ஏழு பிள்ளைகளை மாமியார் சேர்த்துவிட்டார். நூல் என்னிடம் எல்லாக் கலரிலும் இருக்கிறது.